பிடுங்கும் முன் வேரைப் பாருங்கள்: ஓர் ஆடிப்பட்டத்தின் வரவு செலவு

பொங்கல் முடிந்தால் சென்னை மாடித் தோட்டங்களில், ஆடியில் விதைத்துத் தொடங்கும் ஆடிப்பட்டமும் அநேகமாக முடிந்த மாதிரிதான். வெண்டை கட்டையாகி நிற்கும். பீர்க்கங்கொடி பந்தலிலேயே காய்ந்து சலசலக்கும். தக்காளியில் அடி இலைகள் கருகி, நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இந்த நேரத்தில் செடிகளை இழுத்துப் போட்டுவிட்டு, செடி வளர்த்த பைகளை மூலையில் அடுக்கி, வெயில் காலம் போகட்டும் என்று மாடிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆறு மாத உழைப்பில் எது ஏன் காய்த்தது, எது ஏன் கைவிட்டது என்பதற்கான தடயம் முழுக்க அந்தப் பைக்குள்ளேதான் இருக்கிறது. மண் காய்ந்து உதிர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும்.

பட்டம் சரியாக வராவிட்டால் நாம் முதலில் பழி போடுவது பூச்சி மேல். அடுத்தது விதைக் கடை மேல். பையைக் கவிழ்த்து வேரைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தப் பழியில் பெரும்பங்கு மூன்று விஷயங்களுக்கே உரியது: விதைத்த தேதி, பையின் கொள்ளளவு, ஊற்றிய தண்ணீர். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த செடிக்குத்தான் பூச்சி பெரிய அடி கொடுக்கிறது. சென்னை, அதை ஒட்டிய கடலோர மாவட்டங்களின் மாடிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்கள் தேதிகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேதி

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆடியில் விதைத்த செடி அந்த மழையை எந்த வயதில் எதிர்கொள்கிறது என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. வெண்டை 45 நாளில் காய்ப்புக்கு வந்துவிடும். ஆடி முதல் வாரம் ஊன்றினால் புரட்டாசி முழுக்கப் பறித்துவிடலாம். அடைமழை வரும்போது செடிக்கு வயதாகியிருக்கும், போனாலும் வருத்தமில்லை. கொத்தவரைக்கும் தட்டைக்காய்க்கும் இதே கணக்கு. ஆடிப்பட்டத்தில் இவை மூன்றும் வீட்டுத் தோட்டக்காரரை ஏமாற்றுவது அபூர்வம்.

தக்காளி ஏமாற்றும். ஆடியில் நாற்று விட்டு 25 நாளில் எடுத்து நட்டால், ஆவணிக் கடைசியில் பூ வரும். அப்போது சென்னையில் பகல் வெப்பம் 34 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. தக்காளிப் பூ நன்றாகப் பிடிக்க இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சூடு மிஞ்சினால் மகரந்தம் வீரியம் இழந்து, பூ காம்பின் கணுவோடு முறிந்து விழும். 'பூ கொட்டுது, என்ன அடிக்கலாம்?' என்று கேட்பவர்களுக்கு அடிப்பதற்கு ஒன்றும் கிடையாது. தப்பிப் பிடித்த சில காய்களும் ஐப்பசி மழையில் பழுத்து வெடிக்கும். மண் தெறித்து அடி இலையில் கருகல் ஏறும். அதே விதையை ஐப்பசியில், சாரல் படாத இடத்தில் நாற்று விட்டு, கார்த்திகைக் கடைசியில் பைக்கு மாற்றுங்கள். தை பிறக்கும்போது பூக்கும். அப்போது இரவு 20, 22 டிகிரிக்கு வந்திருக்கும். மாசி, பங்குனியில் பழம். கோவை 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே ஆடித் தக்காளி காய்க்கிறது என்பதற்காகக் கடலோரத்தில் அதே தேதியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் தோற்பதில் பொருளில்லை. ஆடியில் தக்காளி போட்டே தீர வேண்டும் என்றால் செர்ரித் தக்காளி போடுங்கள், அது சூட்டை ஓரளவு தாங்கும்.

அவரையின் கதை வேறு. பந்தலில் ஏறும் நாட்டு அவரை, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் பூ வருவது கார்த்திகையை ஒட்டித்தான். நிலத்தில் அது ஆடியிலிருந்து ஓடிப் பெரிய கொடியாகட்டும், பாதகமில்லை. மாடியில் பையின் மண்ணும் பந்தலின் இடமும் அளவானவை. நான்கு மாதம் இலையாகவே ஓடிய கொடி, பூக்கிற நேரத்தில் பையின் சத்தை முழுக்கக் காலி செய்திருக்கும். அதனால் மாடி அவரையை ஆவணிக் கடைசியில் ஊன்றுவதே சரி என்பேன். கொடி சின்னதாக இருக்கும்போதே பூவுக்கு வரும், பந்தலும் பாரம் தாங்கும். தையில் நாட்டு அவரையை ஊன்றிவிட்டு 'கொடி தழைக்குது, பூக்கவே இல்லை' என்று ஆறு மாதம் காத்திருப்பவர்கள் நிறைய. தைக்குச் செடி அவரை ரகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பகலின் நீளம் பொருட்டில்லை.

முட்டைக்கோசும் காலிஃபிளவரும் சமவெளியில் புரட்டாசி, ஐப்பசி நாற்றுக்குத்தான் வரும். நாற்றங்காலில் வயதேறிப்போன காலிஃபிளவர் நாற்றை நட்டால் பொத்தான் அளவில் பூ கட்டி நின்றுவிடும். அதை உரம் கொடுத்துப் பெரிதாக்க முடியாது.

பையைக் கவிழ்த்தால் தெரிவது

பிடுங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்டை இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, பையைப் படுக்கவைத்து உருட்டி, அடியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். மண் குலையாமல் உருளையாக வெளியே வரும். பழைய ரொட்டிக் கத்தியோ மரம் அறுக்கும் சின்ன ரம்பமோ வைத்து மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பாருங்கள்.

வேர் மேல் பாதியில் மட்டும் இருந்து, கீழ்ப் பாதி கறுத்து, முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால் அந்தச் செடி மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் நின்றிருக்கிறது. தேங்காய் நார்க்கழிவை அதிகம் போட்ட பைகளில் இது சாதாரணம். அது தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும். சித்திரையில் அது வரம், ஐப்பசியில் அதுவே பிரச்சினை. ஆடிப்பட்டத்துக் கலவையில் நார்க்கழிவு கால் பங்குக்கு மேல் வேண்டாம். பையின் துளைகள் பெரும்பாலும் பக்கவாட்டில், தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே இருக்கும். அடியில் தேங்கும் அந்த ஓர் அங்குலத் தண்ணீர் போதும் வேரை அழுக்க. அடித் தையலை ஒட்டி நான்கு துளை போட்டு, பையை இரண்டு செங்கலின் மேல் தூக்கி வையுங்கள். மாடித் தளமும் ஈரம் ஊறாமல் காயும்.

வேர் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பாயாகப் பின்னியிருந்தால் பை சின்னது. 12க்கு 12 அங்குலப் பை ஏறக்குறைய 22 லிட்டர்தான் கொள்ளும். கத்தரி, மிளகாய், தக்காளி ஒவ்வொன்று, அல்லது வெண்டை இரண்டு என்றால் அது சரியான அளவு. சுரை, பூசணி, பீர்க்கு அதில் போட்டால் கொடி ஓடும், பிஞ்சு வைக்கும், ஆனால் ஒன்றிரண்டு காய்க்கு மேல் பெருக்காது. பெரிய கொடிக்கு 18க்கு 18 அங்குலம், அதாவது 75 லிட்டர் வேண்டும். அத்தனையும் பாரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் ஏறிப் புழங்கும் தட்டை மாடிக்கு, கட்டடங்களின் பாரத்துக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 875 கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. செம்மண் கலந்த 22 லிட்டர்ப் பை நனைந்தால் 35 கிலோவைத் தொடும். ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பைக்கு மேல் நெருக்காதீர்கள். பெரிய பைகளைச் சுவர் ஓரமும் உத்தரம் போகும் இடத்திலும் மட்டும் வையுங்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். தட்டைக்காய், அவரை வேரில் உள்ள முடிச்சு லேசாக உதிரும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சு, அந்த வேரை மண்ணிலேயே விடுங்கள். கத்தரி, தக்காளி, வெண்டை, பாகல் வேரில் முடிச்சு உதிராமல், வேரே புடைத்து மணிமாலை மாதிரி கோத்திருந்தால் அது வேருக்குள் இருக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. நல்ல தண்ணீர், நல்ல உரம் இருந்தும் நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்த செடிகள், வளராமல் மஞ்சளித்து நின்ற செடிகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான். இலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த வேரை உரக்குழியில் போடாமல் வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். அந்தப் பைக்கு அடுத்து செண்டுமல்லி. பேருக்கு ஓரத்தில் ஒரு செடி வைத்தால் போதாது. பை முழுக்க நெருக்கி நட்டு, மூன்று மாதம் வளரவிட்டு, வேரோடு மண்ணிலேயே மடக்கிவிட வேண்டும்.

மண்ணுக்குள் வெள்ளையாய், தலை மட்டும் பழுப்பாய், சுருண்டு படுத்திருக்கும் தடித்த புழு கிடைத்தால் அது மக்காத எருவோடு வந்த வண்டுப் புழு. மண்ணில் மக்கும் பொருள் இருக்கும்வரை பெரும்பாலும் அதைத்தான் தின்னும். அது தீர்ந்ததும் வேருக்கு வரும். கையில் பிடித்தால் சூடில்லாமல், சாணி வாடையில்லாமல், காப்பித்தூள் போல உதிரும் எருவை மட்டுமே பையில் போட வேண்டும்.

செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே வாரத்தில் வாடிச் செத்த கத்தரி, தக்காளிக்கு ஒரு சோதனை இருக்கிறது. சாகும் தறுவாயில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழை இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். அந்த மண்ணில் தக்காளி, மிளகாய் உட்படக் கத்தரிக் குடும்பத்தில் எதையும் இனி வைக்காதீர்கள். கீரை, வெங்காயம் போடலாம்.

தண்ணீர்

பையின் வெளிச்சுவரிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு. ஐப்பசி மழையில் செடிகள் திடீரென்று கரும்பச்சையாகத் துளிர்ப்பதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். மழை நீரில் ஏதோ உரம் இருக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் ஆறு மாதமாகச் சேர்ந்த உப்பை மழை அடியோடு கழுவிவிட்டிருக்கிறது, அதுதான் பெரிய காரணம். உப்பைத் தாங்குவதில் செடிக்குச் செடி வித்தியாசம் பெரிது. பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் கொஞ்சம் உப்புக்கே சுணங்கிவிடும். தக்காளி நடுத்தரம். பீட்ரூட் அநாயாசமாகத் தாங்கும். ஒரே மாடியில், ஒரே ஆள் வளர்த்து, கேரட் விரல் அளவிலும் பீட்ரூட் கை நிறையவும் வந்தால் கை ராசியைக் குறை சொல்ல வேண்டாம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் தண்ணீர் 1,000க்கு மேல் காட்டினால் கேரட்டை விட்டுவிடுங்கள். மற்ற பைகளுக்கு மாதம் ஒரு முறை, அடித்துளை வழியே நன்றாக ஓடி வெளியேறும் அளவுக்கு, பையின் கொள்ளளவு அளவே தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். கழுவிய மறுநாள் உரம் கொடுக்க வேண்டும், சத்தும் கூடவே போயிருக்கும்.

தக்காளியின் அடி கறுத்துத் தோலாகிப் போவதும் தண்ணீர்ப் பிரச்சினைதான். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேர்வது தண்ணீரோடு. ஒரு நாள் காயப்போட்டு, மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் போகாது. முட்டை ஓட்டைப் புதைப்பதால் அந்தப் பட்டத்துக்குப் பலன் கிடைக்காது, அது கரைய மாதக் கணக்காகும். நடும்போதே பைக்கு 20 கிராம் ஜிப்சம் கலந்து, காய்ந்த இலையை இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே அளவில் தண்ணீர் விடுவதுதான் வழி.

கொடிகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மாடித் தோட்டத்தில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

சுரை, பீர்க்கு, பாகல் போன்ற கொடிகளில் முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூ மட்டும் வருவது இயல்பு. பெண் பூ வந்தபின் பிஞ்சு கட்டை விரல் அளவில் மஞ்சளித்து வெம்பி விழுந்தால், அதை எறியாமல் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்து, விதை கட்டாமல் சூம்பியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளியும், அதில் பிசின் துளியும், உள்ளே நெளியும் வெள்ளைப் புழுவும் இருந்தால் பழ ஈ. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெட்டிப் பார்க்காமல் வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டே இருப்பதால்தான் பல பந்தல்கள் வெறும் நிழலுக்கு மட்டும் பயன்படுகின்றன.

மகரந்தச் சேர்க்கையில் நேரம்தான் முக்கியம். பாகல், பூசணி, வெள்ளரி விடியலில் பூக்கும், தேனீ வரும். காலை எட்டு மணிக்குள் கையால் சேர்த்தாலும் பலன் உண்டு. பீர்க்கு பிற்பகல் சாய்ந்தபின் விரியும். சுரையும் புடலையும் அந்தி மயங்கியபின் வெள்ளையாக விரிந்து இரவில் அந்துப்பூச்சிகளை நம்பியிருக்கும். மூன்றாவது, நான்காவது மாடியில் அந்துப்பூச்சி போதுமான அளவு வராது. காலையில் காப்பி குடித்துவிட்டு மாடிக்குப் போய்ச் சுரைப்பூவைச் சேர்ப்பவர்களுக்குக் காய் பிடிக்காததன் காரணம் இதுதான், பூ முதல் நாள் இரவே முடிந்துவிட்டது. மாலை ஏழு மணி சுமாருக்கு அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மூன்று பக்கமும் படும்படி தடவுங்கள். மழை வரும்போல இருந்தால் பெண் பூவின் மேல் ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்துவிடுங்கள்.

பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி வாங்குபவர்கள் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். 'மெத்தில் யூஜினால்' என்ற கவர்ச்சி மருந்து மா, கொய்யாவில் வரும் ஈயை இழுக்கும். பாகல், பீர்க்கு, புடலையில் வரும் ஈக்கு 'கியூ லூர்' என்ற மருந்து வேண்டும். தவறான மருந்தை மாட்டினால் பொறியில் ஈ நிறைய விழும், கொடியில் சேதம் அப்படியே இருக்கும். சில கொடிகள் மட்டும் உள்ள வீட்டுக்குப் பொறியைவிடக் காய் பிடித்த இரண்டாம் நாளே நியூஸ் பேப்பர் கூம்பிலோ வலைப் பையிலோ அதை மூடிவிடுவதுதான் நிச்சயமான வழி. விழுந்த பிஞ்சைத் தரையில் விடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, பத்துப் பதினைந்து நாளில் ஈயாகத் திரும்பி வரும்.

பந்தலைக் கார்த்திகைப் புயலைத் தாங்கும்படி கட்ட வேண்டும். வர்தா 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. மூன்றுமே கார்த்திகை. மூங்கிலைப் பைக்குள் நட்டுக் கட்டும் பந்தல், காற்றில் பையையும் சேர்த்துக் கவிழ்க்கும். கைப்பிடிச் சுவரில் கொக்கி அடித்துக் கம்பி இழுத்துக் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள், காற்றுப் பிடிப்பது முக்கியமாக அதுதான். ஆறடிக்கு மேல் பந்தல் உயரம் வேண்டாம்.

பூச்சிக்கு உரிய பங்கு

பூச்சிக்கும் பங்கு இருக்கிறது, இல்லாமல் இல்லை. கத்தரியில் நுனித்தண்டு துவண்டு தொங்கினால் உள்ளே துளைப்பான் இருக்கிறது. துவண்ட இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கி அழியுங்கள். செடிக்கு முதல் இரண்டு மாதம் இதை விடாமல் செய்தால் காய்க்குப் போகும் புழு வெகுவாகக் குறையும். காயில் சுத்தமான பெரிய துளை தெரிந்தால் புழு ஏற்கெனவே வெளியேறி உதிர்ந்த இலைச் சருகில் கூடு கட்டியிருக்கும். அப்போது மருந்தடிப்பது வீண், சருகைக் கூட்டி எடுப்பதுதான் வேலை.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் சிலந்திப்பேன். முன்னதற்கு நீல ஒட்டும் அட்டையும் வேப்பெண்ணெயும். பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், வெயில் தாழ்ந்தபின். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. போதும். எண்ணெயை முதலில் காதி சோப்புக் கரைசலில் குலுக்கிப் பால் போல ஆக்கிவிட்டு அப்புறம் தண்ணீரில் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து, கடைசிச் செடிக்கு மொத்த எண்ணெயும் போய் இலையைப் பொசுக்கும்.

வெண்டையில் நரம்பு மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்த தேமல் நோய், வைரஸ். மருந்து கிடையாது. முதல் இலையிலேயே பிடுங்கிவிட வேண்டும். இன்னும் நாலு காய் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் பக்கத்துப் பைகளும் போகும். அர்கா அனாமிகா ரகம் இந்த நோயைத் தாங்குவதற்காகவே பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்தது. இப்போது பல இடங்களில் அதற்கும் நோய் வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மார்கழிப் பனியில் அவரைக் கொத்தில் அசுவினிப் பூச்சி அடைவது எல்லா மாடியிலும் நடக்கும். குழாயில் விரலை அழுத்திப் பீய்ச்சியே பாதியை விரட்டிவிடலாம். எறும்பு ஏறும் பந்தல் கால்களில் கிரீஸ் தடவுங்கள். ஆரஞ்சுப் புள்ளியோடு முள் முள்ளாய்க் கறுப்பாக ஓடும் சிறு புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்று வளர்வது. இயற்கை எதிரிகளின் பலத்தைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளைப் பஞ்சாக மூடியது. 2010இல் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. செம்பருத்தியில் கொஞ்சம் மாவுப்பூச்சி கண்டதும் கடும் விஷத்தை எடுத்தால் இந்தக் குளவிகள்தான் முதலில் சாகும்.

எதைப் பிடுங்கக் கூடாது

தையில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. வேர் நலமாக உள்ள கத்தரியையும் மிளகாயையும் தரையிலிருந்து ஓர் அடியில் வெட்டிக் கவாத்து செய்து, மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, இரண்டு கை மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம்புண்ணாக்கும் போடுங்கள். ஒன்றரை மாதத்தில் மறுபடி காய்க்கும். அடித்தண்டின் பட்டையைச் சுரண்டினால் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். அவரை மாசி வரை காய்க்கும். சித்திரை, வைகாசியில் வைத்த மஞ்சளும் இஞ்சியும் இலை காய்ந்தபின் தோண்ட வேண்டியவை. பாதி நிழலில் கிடக்கும் பைகளுக்கு இவற்றைவிட நம்பகமான பயிர் எனக்குத் தெரியவில்லை.

காலியான மண்ணை மாசிக் கடைசியில், போன பட்டத்துப் பயிரின் குடும்பவாரியாகத் தனித்தனிக் குவியலாக்கி, வேர்க்கட்டைகளை எடுத்துவிட்டு, ஆறு அங்குல உயரத்தில் பரப்பி, நன்றாக நனைத்து, மெல்லிய கண்ணாடி பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி ஓரங்களில் மண்ணை அணையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே இறங்காது. பங்குனி, சித்திரை வெயிலில் நாலிலிருந்து ஆறு வாரம். நூற்புழு, வாடல் பூஞ்சாணம், களை விதை மூன்றும் வெகுவாகக் குறையும். கூடவே நல்ல நுண்ணுயிரும் குறையும் என்பதால் திறந்தபின் அப்படியே நடக் கூடாது. பழைய மண் ஆறு பங்கு, மக்கிய எரு மூன்று பங்கு, நார்க்கழிவோ ஆற்று மணலோ ஒரு பங்கு. 22 லிட்டர்ப் பைக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். நோய்ப் பூஞ்சாணங்களை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மாவை ஒரு கிலோ எருவுக்கு 20 கிராம் என்று முன்கூட்டியே கலந்து, ஈரச் சாக்கில் ஒரு வாரம் மூடி வைத்துச் சேருங்கள். சாம்பல் போடும் வழக்கம் உள்ளவர்கள், கடினத் தண்ணீர் ஊற்றும் மாடியில் அதை விட்டுவிடுங்கள். அந்த மண்ணின் காரத்தன்மை ஏற்கெனவே அதிகம். கலவையை நிழலில் பதினைந்து நாள் ஈரம் காக்கவிட்டு, பையின் மேல் பெயிண்டால் போன பட்டத்துப் பயிரின் குடும்பத்தை எழுதுங்கள். கத்தரி இருந்த பையில் அடுத்து தக்காளியோ மிளகாயோ வரக் கூடாது. பயறு வகையோ கீரையோ வரட்டும்.

விதை

கத்தரி மஞ்சளித்து மெத்தென்று ஆகும்வரை, வெண்டை செடியிலேயே காய்ந்து விளிம்பு வெடிக்கும்வரை, பீர்க்கு உள்ளே விதை கலகலக்கும்வரை விட வேண்டும். தக்காளிச் சாற்றை ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு, மேலே ஆடை கட்டியதும் அலசுங்கள், விதையைச் சுற்றிய வழவழப்பு போய்விடும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பயமில்லை. வெண்டை, கத்தரி, மிளகாயில் பக்கத்து ரகம் கலந்துவிடும். பூக்கும் முன்னாலேயே ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி அதில் வரும் காயை மட்டும் எடுங்கள். கொடி வகையில் பெண் பூவை விரிவதற்கு முன்பே நூலால் கட்டி, கையால் சேர்த்து, மறுபடி கட்டி, காம்பில் ஒரு சிவப்பு நூல் அடையாளம் போட்டுவிட வேண்டும். பாக்கெட்டில் எஃப்1 என்று போட்ட கலப்பின விதையிலிருந்து சேமிக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாறுமாறாக வரும். தேமல் கண்ட செடியின் விதையும் வேண்டாம்.

காலை இளவெயிலில் காயவைத்து, பல்லால் கடித்தால் நசுங்காமல் உடையும் பதத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடுங்கள். குப்பியின் மேல் ரகத்தின் பெயரோடு ஊன்றிய தேதி, முதல் பூ, முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு, செடி எதனால் முடிந்தது என்ற ஐந்தையும் எழுதி ஒட்டுங்கள். எத்தனை கிலோ வந்தது என்ற கணக்கைவிட இந்த ஐந்தும் அடுத்த ஆடிக்கு அதிகம் பயன்படும். கத்தரி, தக்காளி, கொடி விதைகள் குளிர்பதனப் பெட்டியில் மூன்று ஆண்டு தாங்கும், வெண்டை இரண்டு. வெங்காய விதைக்கு ஓராண்டுதான் ஆயுசு, வரும் புரட்டாசியிலேயே அதைப் போட்டு முடித்துவிடுங்கள்.